ஸ்டே

முதல் வாரமே கேட்டாள் ப்ரெனோலா,
கண்ணாடிக் கடைக் கல்லாவுக்குப் பின்னிருந்து:
"வேர் டு யூ ஸ்டே?"

தங்கியிருந்த விடுதியின் பெயரைச் சொன்னேன்.
பன்னிரண்டாம் தேதி வரைக்கும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.
பதின்மூன்றாம் தேதி நான் சாகப்போவதுபோல்
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி
பார்த்தாள்.

நாகர்கோவிலில் எனக்குத் தெரிந்த ஸ்டே
கோர்ட்டில் வாங்குவது.
சித்தப்பா வாங்கினார்,
வாய்க்கால் ஓரத்து ஏழு சென்ட்டுக்கு.
பதினோரு வருடம்
எருக்கு மட்டுமே அங்கே குடியிருந்தது.
ஸ்டே என்றால்
யாரும் இருக்கக் கூடாது என்று பொருள்.

இங்கே சாட்ஸ்வொர்த்தில்
பிறந்த வீட்டை விட்டு ஒரு ராத்திரி வெளியே படுக்காதவரும்
ஸ்டேதான் பண்ணுகிறார்.

படிவம் நிரப்புவது என் வேலை.
பெயர், வயது, சர்க்கரை உண்டா,
வேர் டு யூ ஸ்டே.
"பை மை சிஸ்டர்" என்றார் ஒருவர்.
தங்கைக்குப் பக்கத்து வீடு என்று எண்ணி
கதவு எண்ணைத் தனியாகக் கேட்டேன்.
தங்கை வீடேதான்.
மாடியறை, குளியலறைக்கு எதிரே என்று
விலாவாரியாகச் சொன்னார், பாவம்.

மிசஸ் தெய்வானை கிஸ்டன்
இரண்டு முகவரி சொன்னார்.
கேட்டோ மேனரில் ஸ்டே பண்ணினோம்,
லாரியில் ஏற்றி இங்கே இறக்கினார்கள்,
இங்கே ஸ்டே பண்ணுகிறோம்.
ஒரே வினை, நடுவில் ஒரு லாரி.
இரண்டையும் எழுதினேன்.
முதல் வரியை அடித்தாள் ப்ரெனோலா:
கட்டத்தில் இடம் ஒன்றுதான், பில் அங்கே போகாது.
கிஸ்டன் அம்மாள் கவனிக்கவில்லை.
ஊதா ஃபிரேமா, ஆமையோட்டு நிறமா என்று
கண்ணாடி முன் முகத்தைத் திருப்பித் திருப்பி...

சாயங்காலம் டாக்ஸி வேனில்
குனிந்து நின்றிருந்த என்னைக் கையைப் பிடித்து இழுத்து
"ஹ்லாலா" என்றாள் நொம்புசோ.
பக்கத்துக் கறிக்கடையில் ரசீது போடுகிறவள்.
உட்கார்ந்தேன்.
மறுநாள் நான் எங்கே குடியிருக்கிறேன் என்று கேட்டாள்,
அந்தக் கேள்விக்குள்ளும்
அதே ஹ்லாலா.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.
எங்கள் பக்கத்திலும் அப்படித்தான், கேள்:
நாற்காலியைக் காட்டி இரி என்போம்,
வீடு எங்கே என்பதற்கு எங்க இருக்கிய என்போம்.
விருந்தாளி எழுந்தால், இரியும், என்ன அவசரம்.
இரி, இரி என்று சொல்லிப் பார்த்தாள்.
வேன் வளைவில் சாய்ந்தபோது
பின்சீட்டிலிருந்து ஒரு பள்ளிப் பையனும் சொன்னான்,
இரி.

வீட்டுக்காரர் நாய்க்கும் அந்த இங்கிலீஷ் வார்த்தை தெரியும்.
"ஸ்டே!" என்பார் சுண்டு விரலை நீட்டி.
பின்காலை மடக்கி
தர்மகர்த்தா மாதிரி அமரும்,
அவகாடோ மரத்தில் குரங்கு இறங்கும் வரை.

விசா புதுப்பிக்கும் தாளில்
எவ்வளவு காலம் ஸ்டே என்றொரு கட்டம்.
புள்ளி வைத்தேன்.
மை ஊறிப் புள்ளி பெரிதாயிற்று.

ராத்திரி எட்டு, அங்கே பதினொன்றரை.
ஜெபசிங் போனில் கேட்டார்:
"இன்னும் எத்தனை நாள் அங்க இருப்ப?"

"இரு," என்றேன்,
"அடுப்பை அணைச்சிட்டு வாறேன்."

அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது.
மேஜைமேல் போனைக் கவிழ்க்காமல் வைத்தேன்.
அங்கே மின்விசிறி கடகடத்தது,
தெருவில் யாரோ பைக்கை உதைத்தார்கள்,
தொண்டையை ஒருமுறை செருமிக்கொண்டு
அவர் இருந்தார்.